காவிரி வழக்கு – 6: இரண்டு பிப்ரவரி 18

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். காவிரி இரண்டு கையாகப் பிரிந்து சுற்றி வளைத்த தீவுக் கோட்டை அது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று, அதே ஆற்றின் கடைமடையில், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கிழக்கிந்தியக் கும்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். நாட்டு நிர்வாகம் கும்பெனிக்குப் போனது. மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், தஞ்சைக் கோட்டையும் மிஞ்சின. ஆறு மாதத்துக்குள் காவிரியின் தலைமடையும் கடைமடையும் ஒரே கும்பெனியின் கைக்குள் வந்துவிட்டன.

ஆற்று வழி ஒரே ஆட்சியின் கீழ் வந்தால் தண்ணீர்ச் சண்டை அடங்கும் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. மைசூரைக் கும்பெனி நேரடியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வயதுகூட நிரம்பாத மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் உட்காரவைத்து, திவான் பூர்ணய்யாவை நிர்வாகத்தில் அமர்த்தி, ஆண்டுதோறும் கப்பம் வாங்கிக்கொண்டது. தஞ்சையில் அப்படி இல்லை. அங்கே நெல் விளைந்தால் கிஸ்தி கட்டப்படும். கிஸ்தி நேராகச் சென்னைக் கஜானாவில் சேரும். மைசூரில் மழை பொய்த்தாலும் கப்பத் தொகை மாறாது. தஞ்சையில் தண்ணீர் வராவிட்டால் சென்னைக்கு அந்த ஆண்டே நஷ்டம். அடுத்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் சென்னை ராஜதானி காவிரிக்காக மைசூரோடு மல்லுக்கு நின்றதற்கான காரணத்தின் வேர், 1799-இன் இந்த இரண்டு ஏற்பாடுகளில் இருக்கிறது.

கொள்ளிடத்தை அடைத்த கதை

கல்லணையைப் பற்றிச் சென்ற பகுதியில் பார்த்தோம். கும்பெனி அதிகாரிகள் அதை ஏற்றபோது அதன் நிலைமை நன்றாக இல்லை. காவிரியின் படுகை மணல் மேடிட்டுக் கிடந்தது. கொள்ளிடமோ தாழ்வாகவும் சரிவாகவும் ஓடியது. தண்ணீர் பள்ளத்தைத்தானே பார்க்கும்? வயலுக்கு வர வேண்டிய நீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1804-இல் கேப்டன் கால்டுவெல் என்ற பொறியாளர் வந்து ஆராய்ந்தார். கரைகள் உயர்த்தப்பட்டன, நோய் தீரவில்லை.

1829-இல் காவிரிப் பாசனப் பொறுப்புக்கு வந்தார் ஆர்தர் காட்டன். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. முதலில் கல்லணையில் மணல் போக்கிகளை வைத்தார். பிறகு 1836-இல் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில், கொள்ளிடம் பிரியும் இடத்திலேயே, குறுக்கே மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய பழந்தமிழரிடமிருந்துதான் கற்றதாகக் காட்டன் பின்னாளில் எழுதினார். இந்த அனுபவத்தைக் கொண்டுதான் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையையும் கட்டினார். 2018 ஆகஸ்ட் 22 இரவில் முக்கொம்பில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது தமிழ்நாடே பதறியதே, அது காட்டன் கட்டிய அந்தக் கொள்ளிடம் அணைதான்.

காட்டனின் வேலையால் தஞ்சையில் பாசனம் நிலைபெற்றது. சாகுபடிப் பரப்பு கூடியது. நிலத்தின் விலையும் வரியும் ஏறின. மிராசுதாருக்கும் மகிழ்ச்சி, கலெக்டருக்கும் மகிழ்ச்சி. 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் மன்னர் என்ற பெயரும் தஞ்சையில் ஒழிந்தது. இனி டெல்டாவின் ஒவ்வொரு வாய்க்காலும் சென்னைப் பொதுப்பணித் துறையின் கணக்கில். அந்தத் துறை வருடக்கணக்காகக் குறித்து வைத்த நீரளவுகளே பின்னாளில் உரிமைக்கு ஆதாரமாக நின்றன.

மேலே என்ன நடந்தது?

மைசூரில் நிலைமை வேறு. 1831-இல் மன்னரின் நிர்வாகம் சரியில்லை என்று கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஆட்சியைப் பறித்துக் கமிஷனர்களிடம் கொடுத்தார். ஐம்பது ஆண்டுகள் அப்படியே ஓடின. அந்தக் கமிஷனர்களின் காலத்திலேயே மைசூரில் பழைய ஏரிகளையும் அணைக்கட்டுகளையும் செப்பனிடும் பணி தொடங்கியது. மேலே ஏரி நிறைந்தால் கீழே ஆறு மெலியும் என்ற கவலை சென்னைக்கு. ஆனால் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். கோப்புகள் இங்கும் அங்கும் போய் வந்தன, கூச்சல் பெரிதாகவில்லை.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. மைசூர் மக்கள்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டார்கள். பஞ்சம் ஓய்ந்த சூட்டோடு 1881-இல் மைசூர் மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இளம் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் அரசு சுடுகாட்டின் நடுவே பதவியேற்றது என்றே சொல்லலாம். ஏரி வெட்டுவதும் அணை கட்டுவதும் அந்த அரசுக்கு உயிர்ப்பிரச்சினை. சென்னைக்கோ அது ஆபத்தின் அறிகுறி. முன்பு இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே இருந்த பூசல், இப்போது ஒரு ராஜதானிக்கும் ஒரு சமஸ்தானத்துக்கும் நடுவே வந்து நின்றது.

1890 மே மாதம் உதகமண்டலத்தில் பேச்சு நடந்தது. மைசூர் பக்கம் பேசியவர் திவான் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சென்னைப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரிகள். அதாவது காவிரிக்கான முதல் பெரிய பேச்சுவார்த்தையில் மைசூருக்காக வாதாடியவர் ஒரு தமிழர். டெல்டாவுக்காக வாதாடியவர்கள் ஆங்கிலேயர்கள். இன்றைய மொழிச் சண்டைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மேசையைப் பார்த்தால் எதுவும் விளங்காது.

பேச்சின் விளைவு 1892 பிப்ரவரி 18 அன்று கையெழுத்தானது. சென்னை அரசிடம் முன்கூட்டிச் சொல்லாமல் மைசூர் எந்தெந்த ஆறுகளில் புதிய பாசன வேலைகளைச் செய்யக் கூடாது என்று வரையறுக்கும் விதிகள் அவை. பட்டியலில் பதினைந்து ஆறுகள். காவிரி, ஹேமாவதி, லட்சுமணதீர்த்தம், கபினி, சுவர்ணவதி ஆகியவற்றோடு துங்கபத்திரை, வடபெண்ணை, தென்பெண்ணை, பாலாறு வரை அதில் உண்டு. வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பாலாறும் தென்பெண்ணையும் பேச்சாகும்போதெல்லாம் இன்றும் 1892 என்ற ஆண்டு அடிபடுவது இதனால்தான்.

விதிகளின் சூட்சுமம் இப்படி. மேலே இருக்கும் மைசூர் புதிய அணை கட்ட வேண்டுமானால் திட்ட விவரத்தைச் சென்னைக்கு அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும். சென்னையும் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது. நீண்ட கால அனுபவத்தால் ஏற்கெனவே தனக்குச் சேர்ந்து, நடைமுறையில் இருக்கும் பாசன உரிமை கெடும் என்றால்தான் மறுக்கலாம். ஒத்துவரவில்லையா, நடுவர் தீர்ப்பு. கீழே இருக்கும் சென்னை புதிதாக ஏதாவது கட்டினால் மைசூரைக் கேட்க வேண்டுமா? அந்தக் கேள்வியே அதில் எழவில்லை.

காகிதத்தில் நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் "ஏற்கெனவே இருக்கும் உரிமை" எவ்வளவு தண்ணீர்? எந்த மாதத்தில்? எந்த இடத்தில் அளப்பது? இவற்றில் ஒன்றுக்கும் விதிகளில் பதில் இல்லை. பதில் தேடும் வேளை இருபது ஆண்டுகளில் வந்தது.

கண்ணம்பாடி

1902-இல் சிவசமுத்திரம் அருவியில் மைசூர் அரசு மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அதை அனுப்பியது. சுரங்கத்தை நடத்தியவர்கள் ஆங்கிலேய முதலாளிகள். கோடையில் ஆறு வற்றினால் மின்சாரமும் தளரும். ஆகவே மேலே ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்ற தேவை பாசனத்துக்காக மட்டும் பிறக்கவில்லை, தங்கத்துக்காகவும் பிறந்தது.

1909-இல் மைசூரின் தலைமைப் பொறியாளராக வந்தார் எம். விசுவேசுவரய்யா. ஹேமாவதியும் லட்சுமணதீர்த்தமும் காவிரியோடு கூடும் இடத்துக்குக் கீழே, கண்ணம்பாடி கிராமத்தருகே 41.5 டி.எம்.சி. கொள்ளும் அணைக்குத் திட்டம் போட்டார். 1892 விதிகளின்படி திட்டம் சென்னைக்கு வந்தது. சென்னை மறுத்தது. மறுப்புக்கு ஒரு காரணம் தஞ்சையின் பழைய உரிமை. இன்னொரு காரணம் சென்னையின் சொந்த மேசையில் இருந்தது. கர்னல் டபிள்யூ.எம். எல்லிஸ் 1910-இல் மேட்டூரில் 80 டி.எம்.சி. அணைக்குத் திட்டம் தயாரித்திருந்தார். இரண்டு பேருமே இனிமேல் உழப்போகும் நிலத்துக்குத் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்திய அரசு குறுக்கே வந்து, 11 டி.எம்.சி. மட்டும் கொள்ளும் சிறிய அணைக்கு அனுமதி கொடுத்தது. 1911-இல் வேலை தொடங்கியது. ஆனால் அடித்தளம் சிறிய அணைக்கு ஏற்றதாகப் போடப்படவில்லை. முதலில் கேட்ட பெரிய அணையைத் தாங்கும் அகலத்தில் போடப்பட்டது. ஒரு மாடி கட்ட அனுமதி வாங்கிவிட்டு மூன்று மாடிக்குக் கடைக்கால் தோண்டும் கெட்டிக்காரத்தனம் இது. சென்னை கொதித்தது. விதிகளில் இருந்த நடுவர் பிரிவு முதன்முதலாக உயிர்பெற்றது.

நடுவராக வந்தவர் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஹெச்.டி. கிரிஃபின். தொழில்நுட்ப ஆலோசனைக்கு இந்திய அரசின் பாசனத் தலைமை ஆய்வாளர் எம். நெதர்சோல். 1913 ஜூலை 16 அன்று விசாரணை தொடங்கியது. வழக்கு சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் முக்கொம்பு. மேலணையில் உள்ள அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நின்றால் தஞ்சைக்குப் போதும்? அதற்கு மேல் வருவதைத்தான் மைசூர் தேக்கலாம். அளவுகோலில் ஒரு அரை அடி ஏறினால் மைசூருக்குத் தேக்க முடியாமல் போகும் நீர் கோடிக்கணக்கான கன அடி. அரை அடி இறங்கினால் தஞ்சையின் கடைமடை வாய்க்காலுக்கு ஏற்றம் எட்டாது. ஆகவே இரு தரப்புப் பொறியாளர்களும் முந்தைய ஆண்டுகளின் நீரளவுப் பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டி வாதாடினார்கள்.

1914 மே 12 அன்று தீர்ப்பு வந்தது. கிரிஃபின் ஆறரை அடி என்று எல்லை வகுத்தார். கணக்குப்படி அது விநாடிக்கு 22,750 கன அடி. அந்த அளவு முக்கொம்பில் ஓடிய பிறகு, மைசூர் தன் பெரிய அணையில் நீரைத் தேக்கிக்கொள்ளலாம். மைசூருக்கு வெற்றி. இந்திய அரசு 1916-இல் தீர்ப்பை உறுதிசெய்தது. சென்னை விடவில்லை, லண்டனில் இந்தியா மந்திரியிடம் மேல்முறையீடு செய்தது. 1919-இல் அவர் தீர்ப்பின் உறுதிப்பாட்டை நிறுத்திவைத்தார். நடுவரின் தீர்ப்பை ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒரு மந்திரி நிறுத்தினார் என்பதைக் கர்நாடகத்தில் இன்றும் மறக்கவில்லை. அங்கே காவிரி வரலாறு எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் பேனாவை அழுத்துவார்கள்.

இரண்டாம் தாள்

லண்டன் நிறுத்திவைத்த பிறகு இரு தரப்புக்கும் பேசுவதைத் தவிர வழியில்லை. பொறியாளர்கள் உட்கார்ந்து 1921-இல் கண்ணம்பாடி அணையை இயக்கும் விதிகளை வகுத்தார்கள். இம்முறை ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவு இல்லை. மேலணை அளவுகோலில் மாதத்துக்கு மாதம் இத்தனை அடி என்று பிரித்து எழுதினார்கள். நாற்றங்கால் விடும் மாதத்துக்கும் கதிர் முற்றும் மாதத்துக்கும் ஒரே தண்ணீர் தேவைப்படாது என்பது தஞ்சை உழவருக்குத் தெரிந்த சங்கதி. அரசாங்கத் தாளில் அது ஏற அத்தனை காலம் ஆயிற்று.

கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. தேதி 1924 பிப்ரவரி 18. முதல் தாளுக்குச் சரியாக முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே நாள். மைசூர் சார்பில் திவான் ஆல்பியன் ராஜ்குமார் பானர்ஜி கையெழுத்திட்டார்.

இந்தத் தாளில் இருப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மைசூருக்குக் கண்ணம்பாடியில் 44.827 டி.எம்.சி. தேக்க உரிமை, அதன் கீழ் 1,25,000 ஏக்கர் பாசனம். அதற்கு மேலும் காவிரியிலும் துணையாறுகளிலும் மொத்தம் 45 டி.எம்.சி. வரை புதிய தேக்கங்கள்; அவற்றால் இன்னும் 1,10,000 ஏக்கர். சென்னைக்கு மேட்டூரில் 93.5 டி.எம்.சி. அணை, அதன் மூலம் புதிதாக 3,01,000 ஏக்கர். சென்னை பவானியிலோ அமராவதியிலோ நொய்யலிலோ புதிய நீர்த்தேக்கம் கட்டினால், அதன் கொள்ளளவில் அறுபது சதவீதம் வரை மைசூரும் ஈடாக ஒன்று கட்டிக்கொள்ளலாம்.

முப்பது ஆண்டுச் சண்டை, "உன் பழைய பாசனம் பெரிதா, என் புதிய பாசனம் பெரிதா" என்பது. அதைத் தீர்த்த விதம், இருவருக்கும் லட்சக்கணக்கான ஏக்கர் புதிய ஆயக்கட்டை எழுதிக் கொடுத்தது. ஆறு அப்படியேதான் இருந்தது; குடகு மலையில் பெய்யும் மழை கூடவில்லை.

அந்த மேசையைச் சுற்றி யார் இல்லை என்பதும் முக்கியம். காவிரி பிறக்கும் குடகு 1834 முதல் ஆங்கிலேயரின் தனி நிர்வாகத்தில் இருந்தது. ஒப்பந்தத்தில் அதற்குக் கையெழுத்தில்லை. கபினி பிறக்கும் வயநாடு அன்று சென்னை ராஜதானியின் மலபார் மாவட்டம். பின்னாளில் அது கேரளமாகும் என்று யாருக்குத் தெரியும்? கடலோரத்தில் அரசலாறு கடலைத் தொடும் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களுடையது. அவர்களைக் கேட்கவே இல்லை. 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தபோது கேரளமும் புதுச்சேரியும் தனித்தனிக் கட்சிக்காரர்களாக வந்து நின்றதற்கு இதுதான் பின்னணி. 2007 இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு 30 டி.எம்.சி.யும் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி.யும் ஒதுக்கப்பட்டன.

புது ஆறும் இர்வின் கால்வாயும்

ஒப்பந்தத்தின் மை காய்ந்ததும் இரண்டு பக்கமும் வேகமாகக் கட்டினார்கள். 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணையை 1934 ஆகஸ்ட் 21 அன்று கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்துவைத்தார். அவர் பெயரே நீர்த்தேக்கத்துக்கும். ஜலகண்டேசுவரர் கோயிலும் பண்ணவாடியின் மாதா கோயிலும் நீருக்குள் போயின. மட்டம் இறங்கும் ஆண்டுகளில் நந்தியின் தலையும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரிந்தால், கீழே தஞ்சையில் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்து வயிற்றைப் பிசைந்துகொள்வார்கள்.

மேட்டூர் வந்ததும் டெல்டாவின் நாள்காட்டியே மாறியது. ஜூன் 12-இல் திறப்பு, ஜனவரி 28-இல் அடைப்பு என்பது வழக்கமானது. குறுவைக்கு நாற்று விடுவது, சம்பாவுக்கு உழுவது, குறுவை அறுத்த தாளில் தாளடி நடுவது எல்லாம் அந்த இரண்டு தேதிகளைச் சுற்றியே அமைந்தன. தஞ்சைக்குச் சொந்த மழை ஐப்பசியில்தான். ஆனியிலும் ஆடியிலும் இங்கே நெல் முளைக்க வேண்டுமானால் குடகிலும் வயநாட்டிலும் மழை பெய்து, அது கண்ணம்பாடியைத் தாண்டி மேட்டூருக்கு வந்தாக வேண்டும்.

3,01,000 ஏக்கர் புதிய நிலம் எங்கே இருந்தது? தஞ்சை நகரில் நின்று பார்த்தாலே தெரியும். பெரிய கோயிலிலிருந்து ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு பெரிய கால்வாய் குறுக்கிடும். அரசுக் கணக்கில் அது கல்லணைக் கால்வாய். தஞ்சைக்காரர்கள் வாயில் "புது ஆறு". கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடத்தோடு நான்காவதாகத் தலையெடுத்து, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போகிறது. காவிரியையும் வெண்ணாற்றையும் போல அது பள்ளம் பார்த்து இயற்கையாக ஓடும் ஆறு இல்லை. மேட்டுநிலத்தின் விளிம்போடு, குறுக்கே வரும் காட்டாறுகளுக்கு மேலும் கீழும் பாலம் போட்டு, மட்டம் பிடித்து இழுத்துப் போன ஆறு. ஏரியையும் வானத்தையும் நம்பியிருந்த ஊர்கள் 1930-களில் காவிரி ஆயக்கட்டுக்குள் வந்தன. சோழர் காலத்துப் பாசனம் என்று மேடையில் பேசும்போது பட்டுக்கோட்டை, பேராவூரணி வயல்களையும் சேர்த்துத்தான் பேசுகிறோம். ஆனால் அவற்றில் பெரும்பகுதிக்குக் காவிரி வந்து இன்னும் நூறாண்டு நிறையவில்லை. புது ஆற்றின் கடைக்கோடியில் இருப்பதால், முறைப்பாசனம் என்று அறிவித்தால் முதலில் காய்வதும் அவைதான்.

அதே ஆண்டுகளில் கண்ணம்பாடியின் இடப்புறத்தில் இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். ஹுளிகெரே அருகே மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகப் போன அந்தக் கால்வாய், மேய்ச்சலும் கேழ்வரகுமாக இருந்த மண்டியா வட்டாரத்தை நெல்லும் கரும்பும் விளையும் பூமியாக்கியது. சர்க்கரை ஆலை வந்தது. 1939-இல் மண்டியா தனி மாவட்டமானது. கால்வாய்க்கு அன்றைய வைசிராய் இர்வின் பெயரை வைத்தார்கள். பிறகுதான் அது விசுவேசுவரய்யா கால்வாய் ஆனது. தஞ்சையில் புது ஆற்றின் மேல் காந்திஜி சாலையில் இருக்கும் பாலத்துக்கும் இர்வின் பாலம் என்றே பெயர்.

காவிரிச் சண்டை என்றவுடன் பெங்களூர்–மைசூர் சாலையில் மறியல் செய்யும் மண்டியா விவசாயியின் படம் பத்திரிகையில் வரும். மறுநாள் தஞ்சையில் ரயில் மறியல் செய்யும் விவசாயியின் படம் வரும். இருவரில் ஒருவர் ஆதிகாலத்து உரிமைக்காரர், மற்றவர் நேற்று வந்தவர் என்று இரு மாநிலத்திலும் தத்தம் வசதிக்குச் சொல்லிக்கொள்கிறோம். மண்டியாவின் கரும்புத் தோட்டமும் ஒரத்தநாட்டு நெல்வயலும் 1924-இன் அதே தாளிலிருந்து பிறந்தவை. ஒரே ஆற்றின் மேல் இருவருக்கும் எழுதிக் கொடுத்தவர்கள் 1947-இல் கப்பலேறிவிட்டார்கள்.

நைலும் ராவியும்

இது காவிரிக்கு மட்டும் வந்த விதி இல்லை. 1929 மே மாதம் எகிப்தும், சூடானை ஆண்ட பிரிட்டனும் நைல் நதிக்காகக் கடிதம் மாற்றிக்கொண்டன. எகிப்துக்கு ஆண்டுக்கு 4,800 கோடி கன மீட்டர், சூடானுக்கு 400 கோடி. பிரிட்டன் ஆளும் மேல்நாடுகளில் எகிப்தைக் கேட்காமல் அணை கட்டக் கூடாது. 1892 விதிகளின் அதே வார்ப்பு: கீழே இருப்பவனின் பழைய பாசனம் முதல், மேலே இருப்பவன் அனுமதி கேட்க வேண்டும். எகிப்தின் பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டியிருந்தது. தஞ்சையின் கிஸ்தி சென்னைக்கு வேண்டியிருந்தது. நீல நைல் பிறக்கும் எத்தியோப்பியா அந்த ஏற்பாட்டில் இல்லை, குடகைப் போலவே. எத்தியோப்பியா இந்த நூற்றாண்டில் பெரிய அணை கட்டத் தொடங்கியதும் கெய்ரோ எடுத்துக் காட்டியது அந்தப் பழைய தாள்களைத்தான்.

பஞ்சாபில் கதை இன்னும் சுருக்கமானது. பிரிவினைக்குப் பிறகு ராவி நீரை வழக்கம்போல விட ஒரு தற்காலிக ஒப்பந்தம் போட்டார்கள். அது 1948 மார்ச் 31-இல் முடிந்தது. ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் மதகை மூடியது. லாகூர்ப் பக்கத்து வயல்கள் காய்ந்தன. கெடு முடியும் ஒப்பந்தம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

காவிரித் தாளிலும் ஒரு கெடு இருந்தது.

ஐம்பது ஆண்டு

1924 ஒப்பந்தத்தின் பத்தாம் பிரிவில் பதினோராவது உட்பிரிவு என்ன சொல்கிறதென்றால்: புதிய பாசனப் பரப்பையும் தேக்கங்களையும் வரையறுக்கும் சில உட்பிரிவுகளை, கையெழுத்திட்ட நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகள் முடிந்ததும், கிடைத்த அனுபவத்தை வைத்து மறுபரிசீலனை செய்யலாம். ஐம்பது ஆண்டுக்குப் பின் இந்தியாவை யார் ஆள்வார்கள் என்ற கேள்வி எழுதியவர்களின் மனதில் இருந்திருக்காது.

ஐம்பது ஆண்டுக்குள் எல்லாமே மாறியது. மைசூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1956 மொழிவாரி மறுசீரமைப்பில் குடகு மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. மலபார் கேரளத்துக்குப் போனது. சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14-இல் தமிழ்நாடு ஆனது. மைசூர் மாநிலம் 1973 நவம்பர் 1-இல் கர்நாடகம் ஆனது. கெடு முடியும் நாளில், ஒப்பந்தத்தில் கண்ட இரண்டு பெயர்களிலும் எந்த அரசும் இல்லை.

கபினி, ஹாரங்கி, ஹேமாவதி என்று மேலே புதிய அணைகள் எழும்பத் தொடங்கியிருந்தன. தமிழ்நாடு 1971-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, மறு ஆண்டே திரும்பப் பெற்றது. 1974 பிப்ரவரி 18 வந்தது. சென்னைக் கோட்டையில் முதல்வர் மு. கருணாநிதி, பெங்களூர் விதான சௌதாவில் முதல்வர் தேவராஜ் அர்ஸ். கர்நாடகத்தின் வாதம்: ஒப்பந்தம் முடிந்துவிட்டது; அது ஆதிக்கம் செலுத்திய பேரரசு, கைகட்டி நின்ற சமஸ்தானத்தின் மேல் திணித்தது. தமிழ்நாட்டின் வாதம்: சில உட்பிரிவுகளைத்தான் மறுபடி பார்க்கலாம், அடிப்படை உரிமை நிலையானது.

இந்த இரண்டு வாதங்களில் எது சரி என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொல்ல இன்னும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகவிருந்தன. 2018 பிப்ரவரி 16 அன்று நீதிமன்றம் இரு தரப்புக்கும் பாதிப் பாதி கொடுத்தது: 1892, 1924 ஒப்பந்தங்கள் செல்லுபடியானவை, மனசாட்சிக்கு விரோதமானவை அல்ல, ஆனால் 1924 ஒப்பந்தம் 1974-இல் முடிந்துவிட்டது. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்றும் அது கணக்கிட்டது. முக்கொம்பு அளவுகோல் இருந்த இடத்துக்கு, மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலு நிலையம் வந்துவிட்டது.

அதற்கு முன், 1983-இல், அரசுகளுக்காகக் காத்திருந்து சலித்துப்போன தஞ்சை டெல்டா விவசாயிகள் தாங்களே சங்கமாகச் சேர்ந்து, அரசியல் சாசனத்தின் 32-ஆம் பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1892-இலும் 1924-இலும் மேசையில் இடமில்லாமல் இருந்தவர்கள் முதன்முறையாக வழக்காடிகளானார்கள். அவர்களின் மனுதான் 1990-இல் நடுவர் மன்றத்தைக் கொண்டுவந்தது. அந்த ஏழு ஆண்டுகளின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)